ஈசானிய மூலைச் சுவர்

குரு, சிஷ்யன்னு பேசினா ஜெபராணி மேடத்துக்குப் பிடிக்காது. “நான் என்ன ஆசிரமமா நடத்துறேன்?”ம்பாங்க. அவங்களுக்கு வயசு நாப்பத்திமூணு, எனக்கு அம்பத்தொண்ணு. பெரிய கட்டிடங்களுக்குத் தூண் எத்தனை, கம்பி எத்தனைன்னு கணக்குப் போட்டுக் குடுக்கிற இன்ஜினியர் அவங்க. நான் கமுதியில இருந்து கம்பி கட்ட வந்து, சூப்பர்வைசராகி, பதினோரு வருஷமா அவங்ககிட்ட இருக்கேன். என்னை இருளப்பண்ணேன்னு கூப்பிடுவாங்க. அவங்களுக்குப் பிடிச்சாலும் பிடிக்காட்டாலும் எனக்குக் குரு அவங்கதான்.

நான் கோபக்காரன். அதையும் முதல்லயே சொல்லிடுறேன்.

போன புரட்டாசியில ஒரு வியாழக்கிழமை மதியம், அந்தமானுக்கு அந்தாண்ட கடலுக்கு அடியில பூமி அதிர்ந்துச்சு. சென்னையில ரோட்டுல நடந்து போனவனுக்கு ஒண்ணும் தெரியலை. ஆனா துரைப்பாக்கம் தாண்டி, மேடம் கணக்குப் போட்ட பதினெட்டு மாடிக் குடியிருப்பு ஆடுச்சு. பதினஞ்சாம் மாடியில ஊஞ்சல் தானா ஆடுச்சாம். மீன் தொட்டித் தண்ணி தளும்பி சோபா நனைஞ்சுதாம். நூத்தெட்டு வீட்டு ஜனமும் அலறி அடிச்சுக்கிட்டுப் படியில இறங்கிடுச்சு. ஒரு நிமிஷம் ஆடி நின்னுபோச்சு. ஒரு விரிசல் இல்லை, ஒரு கண்ணாடி உடையலை.

மறுநாள் சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டு விட்டாங்க. நன்றி சொல்லக் கூப்பிடுறாங்கன்னு நினைச்சுப் போனேன். அவ்வளவு முட்டாள் நான்.

ஹால்ல நூறு பேர். நடுவுல குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் புருஷோத்தமன். மீன் தொட்டிக்காரர் அவர்தான்.

“ஜன்னல் வழியா எதிர்ல பாருங்க மேடம். நாலு மாடி. ஒரு நூல் அசையலை. நீங்க கட்டிக் குடுத்தது மட்டும் ஏன் ஆடுது?”

மேடம் என் பக்கம் திரும்பினாங்க. “அண்ணே, பையில தூக்குக்குண்டு இருக்கா?”

“ரெண்டு இருக்கு மேடம்.”

கொத்தனார் சுவர் நேரா இருக்கான்னு பார்க்கத் தொங்கவிடுற குண்டுதான். ஒரு ஒட்டடைக் குச்சியை வாங்கி, ஒரு குண்டை நாலடி நூல்லயும் இன்னொண்ணை அரையடி நூல்லயும் கட்டினாங்க. குச்சியைத் தூக்கிப் பிடிச்சு, மெதுவா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினாங்க. நீளமான நூல்ல இருந்த குண்டு வீசி வீசி ஆடுச்சு. குட்டை நூல் குண்டு சும்மா கூடவே போயிட்டு வந்துச்சு.

“ரொம்ப தூரத்துல வர்ற நடுக்கம் இங்க வந்து சேரும்போது இப்படி மெதுவா வரும். உயரமான கட்டிடத்துக்குத்தான் தெரியும்.”

அப்புறம் கையைப் படபடன்னு ஆட்டினாங்க. இப்போ குட்டை நூல் குண்டு துள்ளிக் குதிச்சுது. நீளமானது கிட்டத்தட்ட அசையவே இல்லை.

“பக்கத்துலயே வந்தா இப்படி வேகமா வரும். அப்ப நீங்க எதிர்வீட்டைப் பார்க்கணும்.”

எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சுது. கை தட்டுவாங்கன்னு பார்த்தா, ஒருத்தர் கொட்டாவி விட்டார்.

ஒன்பதாம் மாடி அம்மா ஒருத்தங்க மட்டும் அக்கறையாக் கேட்டாங்க. “பெரிய நடுக்கமே வந்துட்டா இந்தக் கட்டிடத்துக்கு என்ன ஆகும்?”

“விரிசல் விழும்மா.”

மேடம் தலைக்கு மேல இருந்த உத்திரத்தைக் காட்டினாங்க.

“உத்திரத்தோட ரெண்டு ஓரத்துல விழும். அங்கதான் விழணும்னு கணக்குப் போட்டிருக்கேன். உத்திரம் விரிஞ்சா நீங்க படியிறங்கி வெளியே வந்துடலாம். தூண் போச்சுன்னா வர முடியாது. அதனால தூணைப் பலமா வெச்சிருக்கேன். உத்திரம் முதல்ல விட்டுக்குடுக்கும்.”

ஒரு ‘சான்ஸே இல்லை, சேஃபா இருங்க’ன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம். மத்தவனெல்லாம் அப்படித்தான் சொல்றான். உண்மையைச் சொன்னா ஜனத்துக்கு உடம்பெல்லாம் எரியுது.

“உடையறதுக்குன்னே கட்டினீங்களா?”

“விக்கும்போது இதைச் சொன்னீங்களா?”

“படிச்சுட்டுத்தான் இன்ஜினியர் ஆனீங்களா?”

ஆளாளுக்குக் கத்தினாங்க. புருஷோத்தமன் கையைக் காட்டி அடக்கினார். “ஏன் ஆடுச்சுன்னு நமக்கு நேத்தே தெரியும். வாஸ்து பார்க்கிற குஞ்சிதபாதம் ஐயா வந்து பார்த்துட்டார். ஈசானிய மூலை, அதாவது வடகிழக்கு, திறந்து இருக்கணும். இங்க தரைத்தளத்துல அந்த மூலையை ஒரு கான்கிரீட் சுவர் வெச்சு அடைச்சிருக்காங்க. விஜயதசமிக்குள்ள அதுல ஆறடி அகலத்துக்கு வாசல் மாதிரி உடைச்சு விட்டுடுவோம்.”

பக்கத்துல ஒரு ஒல்லி மனுஷன் கண்ணை மூடித் தலையாட்டினார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. அது அடைப்புச் சுவரா? அஸ்திவாரத்துல இருந்து மொட்டைமாடி வரைக்கும் ஒரே சுவரா, நாலு மூலைக்கும் நாலு போட்டிருக்கோம். பூமி பக்கவாட்டுல இழுக்கும்போது கட்டிடத்தைப் பிடிச்சு நிறுத்துறதே அதுங்கதான். பன்னிரண்டடிச் சுவர்ல ஆறடியை வெட்டுவானாம். அதுக்கு நாள் நட்சத்திரம் வேற.

“யோவ்!”னு எழுந்தேன். “நூத்தெட்டுக் குடும்பத்தோட காலை வெட்டுறேங்கிறியே, மண்டையில மூளை இருக்கா, களிமண் இருக்கா?” வாஸ்துக்காரர் பக்கம் திரும்பி, “நாலு திசை தெரிஞ்சா நீ பெரிய பிஸ்தாவா? ஊரை ஏய்ச்சுப் பிழைக்கிற பொழப்பு ஒரு பொழப்பா?”ன்னு கேட்டேன். இன்னும் சிலதும் சொன்னேன். அதையெல்லாம் இங்க எழுத முடியாது.

புருஷோத்தமன் முகம் சிவந்துபோச்சு. “உடைக்கலாம்ங்கிறவங்க கை தூக்குங்க”ன்னார். ஒன்பதாம் மாடி அம்மாவைத் தவிர எல்லாரும் தூக்கினாங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு மெஷின் வரும்னு முடிவாச்சு.

கார்ல வரும்போது கேட்டேன். “நான் திட்டினது தப்பா மேடம்?”

“நீங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி பாதிப் பேர் யோசிச்சுக்கிட்டு இருந்தாங்க அண்ணே. உக்காந்தப்ப யாரும் யோசிக்கலை.”

திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

சனிக்கிழமை காலையில, கட்டிட அனுமதி குடுக்கிற ஆபீஸுக்கு ஓடினேன். பூட்டு. வாட்ச்மேன் நாலு நாளை விரல்விட்டு எண்ணினார். சனி, ஞாயிறு, சரஸ்வதி பூஜை, விஜயதசமி. “புதன்கிழமை வாங்க.” புதன்கிழமை வந்து என்னத்தைப் பார்க்கிறது, இடிஞ்ச சுவரையா? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். “அவங்க வீடு, அவங்க சுவரு, உனக்கென்னப்பா?”ன்னாங்க.

திரும்பி வந்து மேடம் முன்னாடி நின்னேன். “என்ன மேடம் பண்ணப்போறீங்க?”

“குஞ்சிதபாதம் ஐயா வீட்டு அட்ரஸ் கிடைச்சுது. வாங்க போவோம்.”

“அந்த ஆளு வீட்டுக்கா? நானா?”

“வண்டியை யார் ஓட்டுறது?”

வீட்டுல கொலு வெச்சிருந்தாங்க. அவர் வீட்டம்மா எங்களை யாருன்னு கூடக் கேட்காம பாய் விரிச்சு, கையில ஆளுக்கொரு தட்டு சுண்டல் குடுத்தாங்க. முந்தின நாள்தான் அந்த மனுஷனை ஏமாத்துக்காரன்னு நூறு பேர் முன்னாடி சொன்னேன். இப்போ அவர் வீட்டுச் சுண்டல் என் கையில. தொண்டைக்குள்ள இறங்குமா?

மேடம் நல்லாச் சாப்பிட்டாங்க. இத்தனைக்கும் அவங்க கிறிஸ்தவங்க, மார்த்தாண்டத்துக்காரங்க. “காராமணியா? நல்லா இருக்கு”ன்னு வேற சொன்னாங்க.

அப்புறம் அவர்கிட்ட, “ஐயா, அந்தச் சுவர் எதுக்கு இருக்குன்னு சொல்றேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க”ன்னாங்க.

“சொல்லுங்கம்மா.”

“நாலு மூலையிலயும் நாலு சுவர். நிலம் இழுக்கும்போது நாலும் சேர்ந்து பிடிச்சாத்தான் கட்டிடம் நேரா போயிட்டு நேரா வரும். ஒண்ணை மட்டும் அடியில வெட்டிட்டா, மூணு மூலை பிடிக்கும், இந்த மூலை பிடிக்காது. கட்டிடம் முறுக்கிக்கும்.”

“ஈரத்துணி பிழியற மாதிரியா?”

“அதே மாதிரிதான்.”

குஞ்சிதபாதம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகம் வெளிறிப்போச்சு. “சும்மா மறைப்புச் சுவர்னுதானேம்மா செயலாளர் சொன்னார். எனக்கு இதை யாரும் சொல்லலையே.”

நான் வாயைத் திறந்தேன். மேடம் பார்த்த பார்வையில மூடிக்கிட்டேன்.

“ஐயா, அதுக்குப் பரிகாரம் உண்டா?”ன்னு மேடம் கேட்டாங்க.

நெஞ்சு எரிஞ்சுது எனக்கு. அண்ணா யுனிவர்சிட்டியில மெடல் வாங்கின மனுஷி, பரிகாரம் உண்டான்னு கேட்குது!

“இல்லாமலா? மஞ்சள் வர்ணம் பூசலாம். ஒரு சாண் ஆழத்துக்கு மாடம் குடைஞ்சு விளக்கு வெச்சா...”

“குடையக் கூடாதுங்க.”

“அரைச் சாண்?”

“விரக்கடை கூடக் கூடாது.”

யோசிச்சார். “சரி, கீழே பீடம் போட்டு அதுமேல விளக்கு வெச்சுக்கலாம். தோஷம் போயிடும்.”

“பீடம் வெச்சுக்கலாம்”னு மேடம் ஒத்துக்கிட்டாங்க.

அவரே போன் எடுத்துப் புருஷோத்தமன்கிட்டப் பேசினார். பேசப் பேச அவர் குரல் இறங்கிக்கிட்டே வந்துச்சு. வெச்சுட்டு எங்களைப் பார்க்கச் சங்கடப்பட்டார்.

“சுவர் இருக்கட்டும்ங்கிறார்மா. ஆனா சபையில வெச்சு அவமானப்படுத்தினது அவருக்கு ஆறலை. மன்னிப்புக் கடிதம் வேணுமாம்.”

“நான் எழுதித் தர்றேன்”ன்னேன். “பேசினது நான்தானே? கால்ல விழச் சொன்னாலும் விழறேன்.”

“உங்களது வேண்டாமாம். அம்மாவோடதுதான் வேணுமாம். கட்டிடம் ஆடினதுக்கு மன்னிப்புக் கேட்டு, அவங்க லெட்டர்பேடுலயே. இல்லைன்னா மெஷின் வரும்கிறார்.”

சுண்டல் தட்டைத் தரையில வெச்சேன். கொஞ்சம் சத்தமாவே.

வர்ற வழியெல்லாம் புலம்பினேன். “எழுதாதீங்க மேடம். உடையாம ஆடணும்னுதானே ஒன்றரை வருஷம் ராவும் பகலும் கணக்குப் போட்டீங்க! ஆடினதுக்கு மன்னிப்பா? பெத்த பிள்ளை நடந்ததுக்கு எவளாவது மன்னிப்புக் கேட்பாளா? தொழில்ல இருக்கிறவன் காறித் துப்புவான். இருபது வருஷத்துப் பேரு மேடம்!”

“நாளைக்கு ஒன்பது மணிக்கு மெஷின் வருதுண்ணே.”

“வரட்டும். நான் போய் முன்னாடி படுத்துக்கிறேன்.”

“எத்தனை நாளைக்குப் படுப்பீங்க?”



ஞாயித்துக்கிழமை மேடம் சர்ச்சுக்குப் போகலை. எட்டே முக்காலுக்கு நாங்க போகும்போதே குட்டி யானை வண்டி வந்து நின்னுச்சு. ரெண்டு பேர் உடைக்கிற மெஷினை இறக்கிட்டு இருந்தாங்க. சுவர்ல சாக்பீஸால ஆறடிக்குக் கோடு போட்டாச்சு. அந்தச் சுவருக்குக் கம்பி கட்டின அன்னிக்கு முழுசும் நான் அங்கதான் நின்னேன்.

மேடம் கடிதத்தை நீட்டினாங்க. புருஷோத்தமன் எல்லாரையும் கூட்டி, மைக்ல வாசிச்சார்.

“கட்டிடம் ஆடியது. குடியிருப்பவர்கள் மிகவும் பயந்துபோனார்கள். அதற்காக வருந்துகிறேன்.”

“இது போதாது”ன்னார். “யார் போட்ட கணக்கு, யார் பொறுப்பு, அதெல்லாம் தெளிவா இருக்கணும்.”

மேடம் பேனாவை எடுத்துக் கீழே ஒரு வரி சேர்த்தாங்க. அதையும் வாசிச்சார். “கட்டிடம் என் கணக்கின்படியே ஆடியது. முழுப்பொறுப்பும் என்னுடையது.”

ஜெயிச்ச மாதிரி நாலு பக்கமும் பார்த்தார். கை தட்டினாங்க. தூக்குக்குண்டைப் பார்த்துக் கொட்டாவி விட்ட அதே ஆளுதான் முதல்ல தட்டினான். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

மேடம் பையில இருந்து இன்னொரு காகிதம் எடுத்தாங்க. “இதுல மட்டும் நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க சார்.” இந்த நாலு மூலைச் சுவர்லயும் இன்ஜினியர் எழுதிக் குடுக்காம உளியோ டிரில்லோ படக்கூடாது, இது சங்கத்துத் தீர்மானம்னு எழுதியிருந்துச்சு. புருஷோத்தமன் சரியாக்கூடப் படிக்காம, ஜோராக் கையெழுத்துப் போட்டார். குட்டி யானையில மெஷினைத் திரும்ப ஏத்தினாங்க. சாக்பீஸ் கோட்டை நானே என் துண்டால துடைச்சேன்.

அதோட முடிஞ்சுதா? அன்னிக்கு மத்தியானமே கடிதம் வாட்ஸப்புல ஊரெல்லாம் சுத்துச்சு. இன்ஜினியருங்க குரூப்புல ஒருத்தன், ‘கட்டிடம் ஆடினதுக்கு மன்னிப்புக் கேட்ட உலகத்தின் முதல் டிசைனர்’னு போட்டான். அதுக்குக் கீழே வரிசையா சிரிப்புப் பொம்மை. அதுல ரெண்டு பேரு மேடத்துக்கிட்டயே வேலை கத்துக்கிட்டவனுங்க. நன்றிகெட்ட ஜென்மங்க! ஐப்பசியில முப்பது மாடி வேலை ஒண்ணு கையை விட்டுப் போச்சு. “உங்க பேரு கொஞ்சம் அடிபட்டிருக்கு மேடம்”னு அந்த பில்டர் போன்லயே சொல்லிட்டான். மேடம் “சரிங்க”ன்னு வெச்சுட்டாங்க. ஒன்பது பேர் உட்கார்ற ஆபீஸ்ல இப்போ நாங்க நாலு பேர்தான் உட்கார்றோம்.

கார்த்திகையில ஒரு நாள் மேடம் சொன்னாங்க. “அண்ணே, அந்தப் பக்கம் போனா சுவரை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க.”

பார்த்துட்டு வந்தேன். வந்த வேகத்துல ஆபீஸ் கதவு படார்னு அடிச்சுது. மேடம் ஏதோ வரைபடத்தைத் திருத்திட்டு இருந்தாங்க.

“இந்த அநியாயத்தைக் கேளுங்க மேடம். சுவர் பூராவும் மஞ்சள் பெயின்ட்டு. நடுவுல குங்குமம். கீழே கிரானைட்டுல பீடம் போட்டு, ஆளுயரக் குத்துவிளக்கு. செவ்வாய், வெள்ளி பூமாலை.”

“ம்.”

“ஈசானியத்தம்மான்னு பேரே வெச்சுட்டாங்க! பரீட்சைக்குப் போற பிள்ளைங்க ஹால் டிக்கெட்டை வெச்சுக் கும்பிட்டுட்டுப் போகுதுங்க. புருஷோத்தமன் செருப்பைக் கழட்டிட்டு நின்னு கன்னத்துல போட்டுக்கிறார். அன்னிக்கு ஆட்டம் நின்னதே அந்தம்மா சக்தியாலதானாம், என்கிட்டயே சொல்றார்! எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. இருபத்தஞ்சு மில்லிமீட்டர் கம்பி, நீங்க போட்ட கணக்கு, நான் நின்னு பார்த்த கான்கிரீட்டு. பேரு யாருக்கோ. உங்களுக்குக் கிடைச்சது அந்தக் கடிதம். அதுக்கும் ஃபிரேம் போட்டு நோட்டீஸ் போர்டுல மாட்டி வெச்சிருக்கான் மேடம்!”

மூச்சு வாங்க நின்னேன். மேடம் பென்சிலை வெச்சுட்டு நிமிர்ந்தாங்க.

“சுவர்ல யாராவது ஆணி கீணி அடிச்சிருக்காங்களாண்ணே?”

“ஆணியா?” எனக்கு எரிச்சல் தாங்கலை. “சாமி இருக்கிற சுவத்துல எவன் மேடம் ஆணி அடிப்பான்?”

மேடம் பென்சிலை எடுத்துக்கிட்டுத் திரும்பவும் குனிஞ்சுட்டாங்க.

நான் சொன்னது அப்பத்தான் எனக்கே காதுல விழுந்துச்சு. அப்புறம் என் நாற்காலியில போய் உட்கார்ந்தேன்.